பைண்ட் வேரியபிளில் (டேட்டாபேஸிடம் கேட்கும் க்வெரியில் மதிப்பை ஒட்டாமல் இடக்குறி வைத்து, மதிப்பைத் தனியாக அனுப்புவது) நீங்கள் பட்டது, இன்னும் மறக்காதது: எழுதுங்கள்

இரவுப்பணி:
ஆரக்கிள் டேட்டாபேஸ். மாதக்கடைசி பில் ஓடும் இரவு. பத்து மணிக்கெல்லாம் ஓஆர்ஏ-04031 பிழை, க்வெரிகளை வைத்துக்கொள்ளும் நினைவகமான ஷேர்டு பூலில் இடமில்லை. பூலைப் பெரிதாக்கினோம், கொஞ்ச நேரத்தில் மறுபடி அதே. அதில் இருக்கும் க்வெரிகளைக் காட்டும் வி$எஸ்க்யூஎல்லைத் திறந்தேன். திரை முழுக்க ஒரே செலக்ட் க்வெரி, வரிக்கு வரி நுகர்வோர் எண் மட்டும் வேறு. உருட்ட உருட்ட வந்துகொண்டே இருந்தது. எண்ணை க்வெரிக்குள்ளேயே ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். ஆரக்கிளுக்கு ஒவ்வொன்றும் புதியது. ஒவ்வொன்றுக்கும் ஹார்ட் பார்ஸ் (முதலிலிருந்து படித்து, எப்படி ஓட்டுவது என்று திட்டம் போடுவது), ஷேர்டு பூலுக்குள் இருக்கும் லைப்ரரி கேஷில் தனி இடம். எண் இருந்த இடத்தில் :1 என்ற இடக்குறி போட்டதும் அத்தனையும் ஒரே வரியாகச் சுருங்கிவிட்டது. அந்தத் திரை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

மூன்றாம்மாடி:
மேலே சொன்னது சரி. ஆனால் பைண்ட் போட்டால் எல்லாம் தீர்ந்தது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்களுடையது போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ். ஒரு ரிப்போர்ட் காலையில் வேகமாக ஓடும், அப்புறம் படுத்துவிடும். கனெக்‌ஷனைத் துண்டித்து மறுபடி போட்டால் சரியாகும். கடைசியில் க்வெரியைக் கையாலேயே ப்ரிப்பேர் செய்து (மதிப்பில்லாமல் முன்கூட்டித் தயார்செய்து), எங்கள் மிகப் பெரிய கிளையின் எண்ணைக் கொடுத்து எக்ஸிக்யூட் அடித்தேன். ஐந்து முறை உடனே வந்தது. ஆறாவது முறை கர்சர் அப்படியே நின்றது. அதே க்வெரி, அதே எண்! முதல் ஐந்து தடவை கொடுத்த மதிப்பைப் பார்த்துத் திட்டம் போடுகிறது. அதன்பின் மதிப்பைப் பார்க்காத பொதுத் திட்டம் மலிவு என்று தோன்றினால் அதற்கு மாறிவிடுகிறது. கிளைக்குச் சில வரிகள்தான் இருக்கும் என்ற சராசரிக் கணக்கில் நெஸ்டட் லூப் (ஒரு டேபிளின் ஒவ்வொரு வரிக்கும் இன்னொன்றில் போய்த் தேடுவது) எடுத்திருக்கிறது. அந்தக் கிளைக்கோ லட்சக்கணக்கில் வரிகள். 12ஆம் பதிப்பில் வந்த ப்ளான்_கேஷ்_மோடை ஃபோர்ஸ்_கஸ்டம்_ப்ளான் (ஒவ்வொரு முறையும் மதிப்பைப் பார்த்தே திட்டம்) என்று வைத்தேன். அன்றோடு அந்தத் தொல்லை நின்றது.

மழைக்காலம்:
பைதான் மொழி, எஸ்க்யூலைட் டேட்டாபேஸ். மாணவர் பெயர் தேடும் சின்ன நிரல். 'அ' என்று கொடுத்துச் சோதித்தபோது பிழையில்லாமல் ஓடியது. 'குமார்' என்று கொடுத்ததும், கேட்டது ஒரு மதிப்பு, வந்தது ஆறு என்று பிழை. மூன்று எழுத்துப் பெயரில் ஆறு எங்கிருந்து வந்தது என்று வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். க, உகரக் குறி, ம, கால், ர, புள்ளி. யூனிகோடில் ஆறு! (பெயர்,) என்று எழுத வேண்டிய இடத்தில் காற்புள்ளி விட்டுப்போயிருந்தது. டூப்பிளாக (மதிப்புகளின் தொகுப்பாக) ஆகாமல் வெறும் சரமாக (எழுத்துத் தொடராக) போனதால் ஒவ்வொரு குறியும் தனி மதிப்பாகிவிட்டது. 'அ' ஒற்றைக் குறி, அதனால்தான் சோதனையில் மாட்டவில்லை.

கடலோரம்:
தூத்துக்குடிப் பக்கம் ஓர் அலுவலகம். பெயரில் டிக்கு அடுத்து மேற்கோள் குறி வரும் ஒரு அம்மா, கவுன்ட்டரில் நிற்கிறார். பதிவு ஏறவில்லை. "பெயரை அந்தக் குறி இல்லாமல் எழுதிக்கொடுங்க" என்றார்கள். அவர் ஆதாரை எடுத்துக் காட்டி, "என் பேரு இதுதானேப்பா" என்றார். அந்தக் குரல் போகவில்லை. ஒட்டி எழுதிய க்வெரியில் அந்தக் குறி சரத்தைப் பாதியில் மூடியிருக்கிறது. அதே ஓட்டை வழியாக எவனும் முழு டேபிளையும் உருவியிருக்கலாம்.

மூன்றாம்மாடிக்கு: நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு யாராவது மறுபடி ஒட்டி எழுதப் போய்விடுவார்கள். தயவுசெய்து அந்த வேலை வேண்டாம். திட்டம் பிசகினால் திட்டத்தைத்தான் சரிசெய்ய வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு இன்னும் இரண்டு. டேபிள் பெயரையும் காலம் (நெடுவரிசை) பெயரையும் பைண்ட் செய்ய முடியாது. வரிசைப்படுத்தச் சொல்லும் ஆர்டர் பை-க்குப் பின்னால், மதிப்புக்கு இடக்குறியாகக் கேள்விக்குறி போட்டு 'விலை' என்று அனுப்பினால் பல டேட்டாபேஸ்களில் பிழைகூட வராது, அதை வெறும் சரமாக எடுத்துக்கொண்டு வரிசைப்படுத்தாமல் கொடுத்துவிடும். அனுமதித்த காலம் பெயர்களை நிரலிலேயே பட்டியலாக வைத்து, அதிலிருந்து மட்டும் எடுங்கள். நல் (மதிப்பே இல்லை என்பதற்கான குறி) வரக்கூடிய இடத்தில் = ? எழுதாதீர்கள், ஒரு வரியும் கிடைக்காது.

இரவுப்பணி:
கடலோரம், அந்த அம்மாவின் பெயர் கடைசியில் சரியாக ஏறியதா? மூன்றாம்மாடி, ஆரக்கிளிலும் இதே தொல்லை உண்டு. 9ஐ பதிப்பில் முதல் மதிப்பை எட்டிப் பார்த்துப் போட்ட திட்டமே எல்லோருக்கும்; 11ஜி-யில்தான் மதிப்புக்கேற்ப வேறு திட்டம் வைத்துக்கொள்ளப் பழகியது. நீங்கள் அந்த ப்ளான்_கேஷ்_மோடு அமைப்பை முழு சர்வருக்கும் போட்டீர்களா, ரிப்போர்ட் யூசருக்கு மட்டுமா?

மூன்றாம்மாடி:
ரிப்போர்ட் யூசருக்கு மட்டும்.