பாக்கெட் உணவை விட்டு வீட்டுச் சாப்பாட்டுக்கு மாறியபோது நடந்ததில் மனதை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

மழைத்துளி:

எடை குறைந்தது, தூக்கம் வந்தது என்றுதான் எல்லோரும் எழுதுகிறீர்கள். எனக்கு வேறு ஒன்று. அப்பாவுக்குச் சர்க்கரை, பல வருடமாக மாத்திரை. வீட்டில் பிஸ்கட், சிப்ஸ், டப்பா ஜூஸ், உடனடி நூடுல்ஸ் எல்லாவற்றையும் நிறுத்தி, காய், பருப்பு, முட்டை, முழுத் தானியம் என்று மாறினோம். எங்களில் அதிக உற்சாகம் அவருக்குத்தான்.

ஒரு நாள் காலையில் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. "அப்பா" என்று கூப்பிட்டால் நிமிர்ந்து பார்க்கிறார், ஆனால் நான் யாரென்றே தெரியாத ஒரு பார்வை. அந்தப் பார்வைதான் இன்னும் என்னை விடவில்லை. மீட்டரில் சர்க்கரை 52, மிகக் குறைவு. நல்லவேளையாக விழுங்க முடிந்தது, சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தோம், கால் மணி நேரம் கழித்து மறுபடி குத்திப் பார்த்தபோது ஏறியிருந்தது. டாக்டர் சொன்னார், அந்த மாத்திரை நாம் என்ன சாப்பிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும் வகை, பழைய சாப்பாட்டுக்குக் கணக்குப் போட்டு எழுதிய அளவு, சாப்பாடு மாறினால் அளவும் மாறியாக வேண்டும் என்று. உணவை மாற்றச் சொல்லி எத்தனை பேர் எங்களுக்கு அறிவுரை சொன்னார்கள், ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை.

நடைப்பயிற்சி:

படிக்கவே பதறுகிறது. என்னுடையது இவ்வளவு பெரிதில்லை. கோலாவை ஒரே நாளில் நிறுத்தினேன், மறுநாள் அலுவலகத்தில் ட்யூப் லைட்டைப் பார்க்க முடியாத தலைவலி. பக்கத்து நாற்காலித் தோழி "நச்சு வெளியேறுகிறது, நல்லதுதான், பொறுத்துக்கோ" என்று அவ்வளவு உறுதியாகச் சொன்னார். நச்சும் இல்லை ஒன்றும் இல்லை, காஃபீன் நின்றதன் விளைவு. நிறுத்திய 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கும், சிலருக்கு ஒன்பது நாள் வரைகூட இருக்கும், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்திருந்தால் இவ்வளவு வந்திருக்காது. தெரியாததை இத்தனை நிச்சயத்தோடு ஒருவர் சொல்கிறாரே என்பதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

கடைசி பெஞ்ச்:

மழைத்துளி, அப்பா இப்போது எப்படி இருக்கிறார்? மாத்திரையைக் குறைத்தார்களா?

ஆனால் இங்கே பலரும் "பாக்கெட்" என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. உறைய வைத்த பட்டாணியும் பாக்கெட்டில்தான் வருகிறது, அதில் என்ன குற்றம்? பிரேசிலில் சாவ் பாவ்லோ பல்கலைக்கழகத்தின் கார்லோஸ் மான்டெய்ரோ குழு 2009இல் உணவை எவ்வளவு பதப்படுத்தப்பட்டது என்பதை வைத்து வகைபிரிக்கத் தொடங்கியது, நோவா என்று பெயர், நாலு பிரிவு. பட்டாணி முதல் பிரிவு. கவலைப்பட வேண்டியது நாலாவது, அதாவது மால்டோடெக்ஸ்ட்ரின், எமல்சிஃபையர், செயற்கை மணம் என்று எந்த வீட்டு அடுக்களையிலும் இல்லாத சேர்மானங்கள் கொண்டது. 2019இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் 20 பேரைத் தங்கவைத்து நாலாம் பிரிவு உணவு, பதப்படுத்தாத உணவு இரண்டையும் இரண்டிரண்டு வாரம் கொடுத்தார்கள். தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு, வேண்டிய மட்டும் சாப்பிடலாம். நாலாம் பிரிவு உணவில் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது, வேகமாகவும் சாப்பிட்டார்கள்.

அப்புறம், லேபிளில் எடை அதிகமானதுதான் முதலில் வரும். மகளுக்கு வாங்கிய பழத் தயிரில் பழத்துக்கு முன்னால் சர்க்கரை நின்றது, என் கதை அவ்வளவுதான். சோடியம் எத்தனை மில்லிகிராம் என்று பார்த்து இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வரும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது நாளுக்கு 5 கிராம் உப்புக்குக் குறைவாக. நாரைத் திடீரென்று கூட்டாதீர்கள், வயிறு உப்பும், தண்ணீரும் சேர்த்துக் கூட்டுங்கள். ராஜ்மாவை ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு நன்றாகக் கொதிக்க வேகவையுங்கள், அரைவேக்காட்டில் வாந்தி, பேதி வரும்.

நைட் ஷிஃப்ட்:

கடைசி பெஞ்ச், யாரும் கேட்காத வகுப்பை நன்றாக எடுத்தீர்கள், ஒன்றை மட்டும் விட்டுவிட்டீர்கள். அந்த ஆய்வில் இருந்த 20 பேரும் சமைக்கவில்லை, அவர்களுக்குச் சமைத்துக் கொடுத்தார்கள். பதப்படுத்தாத உணவுக்குச் செலவு கூடுதல் என்று அந்தக் கட்டுரையே சொல்கிறது. எங்கள் வீட்டில் சமைத்தது நான்.

விருந்தாளிகள் வந்திருந்தார்கள். முன்னறையில் என் கணவர், "இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் பாக்கெட்டே வருவதில்லை" என்று பெருமையாகச் சொல்கிறார், அவர்கள் அவரைப் பாராட்டுகிறார்கள். நான் இரவு வேலை முடித்து வந்து தூங்காமல், இரண்டு அடுப்பும் எரிய, பீன்ஸ் நறுக்கிக்கொண்டு நிற்கிறேன். கத்தியை வைத்துவிட்டு அப்படியே முன்னறைக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். யாரும் பேசவில்லை. அடுக்களையில் ஏதோ தீயும் வாசனை வந்தது, நான் எழுந்திருக்கவில்லை, அவர்தான் போனார். அன்று இரவே யார் என்றைக்குச் சமைப்பது என்று எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டினோம். ஊறவைப்பது, நறுக்குவது, பாத்திரம் துலக்குவது மூன்றையும் தனித்தனியாக எழுதினோம், ஏனென்றால் சமையல் என்று பொதுவாக எழுதினால் இவை மறுபடி என் தலையில்தான் விழும். இதைப் பேசாமல் முழு உணவு, வீட்டு உணவு என்று சொல்லிக்கொண்டிருப்பது எனக்குக் கோபத்தைத்தான் வரவழைக்கிறது.

மழைத்துளி:

நைட் ஷிஃப்ட், சரியாகச் சொன்னீர்கள். எங்கள் வீட்டில் நறுக்குவது முழுக்க அப்பா.

கடைசி பெஞ்ச், அவர் நன்றாக இருக்கிறார். முதலில் மாத்திரையைப் பாதியாக்கினார்கள், பிறகு வகையையே மாற்றிவிட்டார்கள். ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன், பாக்கெட்டோடு உப்பும் குறைவதால் அழுத்தம் இறங்கி, எழுந்து நிற்கும்போது தலை சுற்றலாம். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் திடீரென்று கீரையைக் கூட்டினால் அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைத்துவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பொட்டாசியத்தைப் பற்றிக் கேட்காமல் பழத்தையும் பருப்பையும் கூட்ட வேண்டாம். மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள், உணவை மாற்றுவதற்கு முந்தைய வாரமே.