பக்கெட்டில் பூட்டிய கவ்வி: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

துணுக்காய் வயல்காரன்

மூன்று மாதம் ஆகிவிட்டது. மச்சானின் தோளை உரசிக்கொண்டு விழுந்த பனங்குற்றி இன்னும் கண்ணுக்குள்ளேயே கிடக்கிறது. வீட்டில் இதைப் பேச முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

உழவு இயந்திரத்தின் முன்னாலுள்ள லோடரில், மரம் பிடித்துத் தூக்கும் கவ்வியை நானே செய்தேன். வழக்கமான அமைப்புத்தான்: லோடர் பக்கெட்டின் மேல் விளிம்பில் இரண்டு கை, கைக்கு ஒரு சிலிண்டர், உள்விட்டம் 50 மில்லிமீற்றர். பக்கெட்டைக் கவிழ்க்கும் எண்ணெய் வழியிலேயே திசைமாற்றி வால்வு ஒன்றைப் பூட்டி, பிடியிலுள்ள பொத்தானை அழுத்தினால் எண்ணெய் கவ்விக்குப் போகும்படி வைத்தேன். பெரும்போக விதைப்புக்கு முன், வரம்போரம் சரிந்து கிடந்த பனைகளைத் துண்டு போட்டு அகற்றிக்கொண்டிருந்தோம்.

எட்டடிக் குற்றி. கவ்வித் தலையளவுக்குத் தூக்கி, ட்ரெயிலர்ப் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். பெட்டியின் பின்கதவுக் கொக்கி துருவேறி இறுகியிருந்தது. மச்சான் அதைத் தட்டிக் கழற்றப் போனார். சும்மா நிற்கும்போது எஞ்சினை நிறுத்துவது 2022இல் டீசலுக்கு வரிசையில் கிடந்த காலத்தில் வந்த பழக்கம். நிறுத்தினேன். ஒரு நிமிடம் போயிருக்கும். கவ்வியின் பல் குற்றியின் செதிலை விட்டு விலகுவதைக் கண்டேன். முதலில் நூலளவு, பிறகு விரலளவு. சத்தமே இல்லை. எங்கும் எண்ணெய் சொட்டவும் இல்லை. 'மச்சான்' என்று கூப்பிட வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. கொக்கி அசையாததால் அவர் மறுபக்கத்திலிருந்து தட்டுவதற்கு ஓரடி விலகினார். அந்த ஓரடிதான். சட்டையின் தோள் கிழிந்தது, நான்கு விரல் நீளத்துக்குத் தோல் உரிந்தது. குற்றி விழுந்த இடத்தில் மண் ஒரு சாண் பதிந்திருந்தது.

வால்வுக்குள் நகரும் தண்டுக்கும் அதன் துளைக்கும் இடையில் மயிரிழை இடைவெளி எப்போதும் உண்டு. புதிய வால்விலும் உண்டு. பாரம் சிலிண்டரைத் தள்ளத் தள்ள எண்ணெய் அந்த வழியாகத் தப்பிக்கிறது. இதை அன்றைக்குப் பிறகுதான் அறிந்தேன். இப்போது இரண்டு சிலிண்டரிலும் பூட்டு வால்வு போட்டிருக்கிறேன், நாம் திறக்காமல் சிலிண்டரிலிருந்து எண்ணெயை வெளியே விடாத வால்வு அது. சிலிண்டரின் வாயிலேயே போட்டேன், குழாயின் மறுமுனையில் அல்ல. இனிக் குழாய் வெடித்தாலும் பிடி விடாது.

கண்டாவளை

அண்ணை, மச்சான் தப்பியது பெரிய புண்ணியம். ஆனால் பூட்டு வால்வு போட்டதோடு வேலை முடிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. நான் முதல் நாளே பூட்டு வால்வு போட்டவன். என் சிலிண்டர்த் தண்டை வளைத்தது அதுதான்.

2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து எங்கள் பக்கம் முழுதும் நீரில் நின்றது எல்லோருக்கும் நினைவிருக்கும். வெள்ளம் வடிந்தபோது வாய்க்கால் மதகு ஒன்றில் முள்ளும் மரவேரும் வேலித் தகரமும் ஒன்றாகச் சிக்கிக்கிடந்தன. கவ்வியைப் பாதி திறந்தபடி லோடரை இறக்கினேன். பல்லின் நுனி குப்பைக்குள் மறைந்திருந்த கொங்கிறீற்றில் முட்டியது. நான் அறியாமல் இன்னும் இறக்கினேன். பாரம் கவ்வியைத் திறக்கப் பார்க்கிறது, பூட்டு வால்வோ எண்ணெயை விட மறுக்கிறது. எண்ணெய்க்கு ஓட இடமில்லை. 25 மில்லிமீற்றர் உருக்குத் தண்டு என் கண் முன்னால் வில்லாக வளைந்தது. மெதுவாகத்தான் வளைந்தது. அந்த மெதுவைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. நெம்புகோலிலிருந்து கையை எடுக்க எனக்கு நேரம் இருந்தது, ஆனால் எடுக்கவில்லை.

பூட்டு வால்வுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் அழுத்தம் தணிக்கும் வால்வு ஒன்று கட்டாயம் வேண்டும். பம்பின் அழுத்தம் 175 பார் என்றால் இதை 210 பாரில் வைக்கலாம். பிடியும் விடாது, இடிபட்டால் எண்ணெய்க்கு ஒரு வழியும் இருக்கும். ஒன்றைப் போட்டு மற்றதை விடுவது அரைவேலை.

ஒட்டுசுட்டான்

எனக்கு எண்ணெயால் பிரச்சினை வரவில்லை, இரும்பால் வந்தது. பற்களுக்கு லொறியின் பழைய வில்தகட்டை வெட்டி வெல்டிங்கில் ஒட்டினேன். இரும்புக்கடையில் மலிவாகக் கிடைத்தது, தேயவும் தேயாது என்றார்கள். இரண்டாம் நாள் முதிரை வேர் ஒன்றைக் கவ்வி இழுத்தேன். வெடிச்சத்தம். எங்கள் ஊரில் அப்படியொரு சத்தம் கேட்டால் உடல் தானாகவே குனியும், எனக்கும் குனிந்தது. நிமிர்ந்து பார்த்தேன். ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே பல் முறிந்து, ரேடியேற்றரின் முன்கம்பியைத் துளைத்துக்கொண்டு நின்றது. ஒட்டு அப்படியே இருந்தது. அதன் விளிம்பிலிருந்த தகடுதான் கண்ணாடிபோல் உடைந்திருந்தது. வில்தகட்டைத் தொடாதீர்கள் என்று சொல்லத்தான் வந்தேன்.

புதுக்குடியிருப்பு

கண்டாவளைத் தம்பிக்கு: தணிக்கும் வால்வு பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் பூட்டு வால்வைக் குற்றவாளி ஆக்காதீர்கள். நான் இன்று இருப்பது அதனால்.

காணி விடுவிக்கப்பட்டு, வெடிபொருள் அகற்றித் துப்புரவாக்கிவிட்டோம் என்று சொல்லித்தான் எங்களிடம் கையளித்தார்கள். மூலையில் மண் மூடிய பழைய பதுங்குகுழி ஒன்று மட்டும் மேடாகக் கிடந்தது. அதன் கூரைக்குப் போட்ட பனங்குற்றிகள் நல்ல வைரம். மாட்டுக்கொட்டிலுக்கு உதவும் என்று ஒவ்வொன்றாகக் கவ்வி எடுத்தேன். மூன்றாவது குற்றியை முழங்கால் உயரத்துக்குத் தூக்கியபோது மண் உதிர்ந்தது. குற்றிக்கும் கவ்வியின் பல்லுக்கும் நடுவில், துருவேறிய வால்சிறகுகளோடு ஒரு மோட்டார் எறிகணை. என் இருக்கையிலிருந்து பத்தடி தூரம் இருக்காது.

அந்த இருக்கையில் எவ்வளவு நேரம் அசையாமல் இருந்தேன் என்று தெரியாது. இறக்கினால் குற்றி உருளலாம். திறந்தால் அது நேரே விழும். எஞ்சினின் அதிர்வில் எறிகணையின் சிறகு நடுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினேன். சிறகின் நடுக்கம் நின்றது. அந்த அமைதியில் என் உயிரைப் பிடித்திருந்தது பெருவிரல் அளவான இரண்டு பூட்டு வால்வுகள் மட்டுந்தான். பின்பக்கமாக இறங்கி, ரயர் பதிந்த தடத்திலேயே கால்வைத்து நடந்து வெளியே வந்து 119க்கு அழைத்தேன். பொலிசார் வந்து வழியை மறித்தார்கள். வெடிபொருள் அகற்றும் பிரிவினர் மறுநாள் காலையில்தான் வந்தார்கள். அந்த இரவு எங்கள் வீட்டில் ஒருவரும் படுக்கவில்லை.

காலையில் பார்த்தபோது கவ்வி ஒரு நூல்கூடத் திறக்கவில்லை. ஆனால் லோடரின் தூக்கும் கைகள் இரவெல்லாம் கசிந்து இறங்கியிருந்தன. முழங்கால் உயரத்தில் விட்ட குற்றி நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் நின்றது. அப்படியே விட்டிருந்தால் நிலத்தைத் தொட்டிருக்கும். தூக்கும் சிலிண்டருக்குப் பூட்டுப் போட எனக்குத் தோன்றவே இல்லை.

பதுங்குகுழிக் குற்றி எவ்வளவு நல்ல மரமானாலும் அதை இயந்திரத்தால் எடுக்காதீர்கள். முதலில் அறிவியுங்கள்.

கிளிநொச்சி பழைய பட்டறை

தம்பிமாருக்கு வணக்கம். பொருளாதாரத் தடைக் காலத்தில் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை எழுப்பி, மண்ணெண்ணெயில் ஓட வைத்த தலைமுறை நாங்கள். இல்லாததைக் கொண்டு செய்யும் துணிவு உங்களிடமும் இருக்கிறது, மகிழ்ச்சி. என் கதை சிறியது. எங்கள் பட்டறையில் வேலை பழகிய பையன், கவ்விக் குழாய் ஒன்றில் கசிவு எங்கே என்று கையால் தடவிப் பார்த்தான். எறும்பு கடித்ததுபோல இருந்தது என்றான். உள்ளங்கையில் ஒரு புள்ளி, இரத்தம்கூட இல்லை. நானும் கழுவிவிட்டு வேலையைப் பார் என்றேன். மாலைக்குள் கை பூசணிக்காய்போல் வீங்கியது. ஆஸ்பத்திரியில் கையைப் பிளந்து உள்ளே இருந்த எண்ணெயைக் கழுவினார்கள். ஆட்காட்டி விரலைக் காப்பாற்ற முடியவில்லை. 'கழுவிவிட்டு வேலையைப் பார்' என்று சொன்ன வாய் இது.

ஊசித்துளையால் பாயும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். கசிவைத் தேட ஒரு துண்டு மட்டையைப் பிடியுங்கள், கையை வைக்காதீர்கள். பட்டுவிட்டால் வலி இல்லாவிட்டாலும் உடனே அம்புலன்ஸ் சேவை 1990க்கு அழைத்து, எண்ணெய் உள்ளே போனது என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

ஒட்டுசுட்டான் தம்பி, வில்தகட்டைப் பழிக்காதீர்கள். அது கரிமம் கூடிய உருக்கு. குளிர்ந்த தகட்டில் ஒட்டினால் ஒட்டின் ஓரம் சட்டென்று ஆறி மொறுமொறுப்பாகிவிடும். தகட்டை முதலில் சூடாக்கி, 7018 வெல்டிங் குச்சியை உலர்த்தி ஒட்டி, சாம்பலுக்குள் புதைத்து மெதுவாக ஆறவிட வேண்டும். ஈரம் பட்ட குச்சி எந்த நல்ல இரும்பையும் கெடுக்கும். மாரியில் குச்சிப் பெட்டியைத் திறந்து வைக்காதீர்கள்.

ஒட்டும்போது பற்றரியைக் கழற்றுங்கள். வெல்டிங் நிலக்கம்பியின் கவ்வியை ஒட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே பிடியுங்கள். தொலைவில் பிடித்தால் மின்சாரம் மூட்டு ஊசிகளூடாகவும் சிலிண்டர்த் தண்டூடாகவும் ஓடி, தண்டின் குரோம் பூச்சில் பொட்டுப் பொட்டாகக் குழி விழும். பிறகு சீல் எத்தனை மாற்றினாலும் கசியும். பக்கெட்டின் மேல்விளிம்பு மெல்லிய தகடு. அதில் நேரே கவ்வியைப் பூட்டும் துளைத்தகட்டை ஒட்டாமல், முழு அகலத்துக்கும் ஒரு பட்டைத் தகடு போட்டு அதன்மேல் ஒட்டுங்கள்.

அடுத்தது பலத்தின் கணக்கு. 50 மில்லிமீற்றர்ச் சிலிண்டர் 175 பாரில் ஏறத்தாழ 3,500 கிலோ தள்ளும். சிலிண்டர் பூட்டிய இடம் அச்சிலிருந்து 20 சென்ரிமீற்றர், பல்லின் நுனி 80 சென்ரிமீற்றர் என்றால் நுனியில் அதன் காற்பங்குதான் கிடைக்கும். அது தாராளமாகப் போதும். இதைவிடப் பெரிய சிலிண்டர் தேடாதீர்கள், இரும்பு தாங்காது.

கடைசியாகப் பின்பாரம். கவ்வியின் நிறையே நூறு கிலோவுக்குக் கிட்ட வரும், அதுவும் முன்பக்கத்தில். 200 லீற்றர்ப் பீப்பாவில் கொங்கிறீற் நிரப்பிப் பின் இணைப்பில் தூக்குங்கள். ஏறத்தாழ 480 கிலோ வரும்.

ஒட்டுசுட்டான்

ஐயா, மரியாதையோடு சொல்கிறேன். சூடாக்கி ஒட்டுவதும் சாம்பலில் ஆறவிடுவதும் உங்கள் கைக்கு வரும். காணியோரத்தில் வாடகை வெல்டிங் இயந்திரத்தோடு நிற்பவனுக்கு அந்தச் சூடு சரியா தவறா என்று எப்படித் தெரியும்? சாதாரண உருக்கில் பல் செய்தால் அது வளையும். வளைந்த பல் ரேடியேற்றரைத் தேடிப் பறக்காது. நான் இப்போது 16 மில்லிமீற்றர்ச் சாதாரணத் தகட்டில் செய்திருக்கிறேன். இரண்டு பல் வளைந்தது, தட்டி நிமிர்த்தினேன். அந்தத் தம்பியின் விரலுக்கு மனம் வருந்துகிறேன்.

மல்லாவி, இரண்டு பிள்ளைகளின் தாய்

ஐயா கடைசியாக எழுதிய பின்பாரத்தைப் படித்துவிட்டு இரவு நித்திரை வரவில்லை. என் கணவர் செய்த கவ்வி நன்றாகவே வேலை செய்கிறது. புரெவிப் புயலில் விழுந்த மரங்களை அக்கம்பக்கத்துக் காணிகளிலும் அதுதான் இழுத்தது. ஒருநாள் பாலைமரத் துண்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் கரையில் திரும்பினார். சின்ன மகள் வழக்கம்போல மட்கார்ட்டில் உட்கார்ந்திருந்தாள். வன்னியில் எந்தப் பிள்ளைதான் அதில் உட்காரவில்லை? நான் சோற்றுப் பார்சலோடு எதிரே வந்துகொண்டிருந்தேன். மகள் இருந்த பக்கத்துப் பெரிய சில்லு நிலத்தை விட்டு எழுந்தது. சில்லுக்கும் மண்ணுக்கும் நடுவில் மறுபக்கத்து வயலின் பச்சையைக் கண்டேன். அவள் அதை ஊஞ்சல் என்று நினைத்துச் சிரித்தாள். அவர் பாரத்தை இறக்கினார், சில்லு திரும்பவும் மண்ணைத் தொட்டது. அவ்வளவுதான் நடந்தது.

அன்றிலிருந்து பிள்ளைகள் ஏறுவதில்லை. ஆனால் பின்பாரம் இன்றுவரை போடவில்லை, எங்களுக்கு யாரும் சொல்லவும் இல்லை. பீப்பாவை எந்தக் கம்பியால் இணைப்பது என்று ஐயா எழுதினால் அவரிடம் காட்டுவேன்.

கிளிநொச்சி பழைய பட்டறை

தங்கச்சி, கொங்கிறீற் இறுகுமுன் பீப்பாவின் கீழ்ப்பாகத்தில் குறுக்காக ஓர் உருக்குத் தண்டைச் செலுத்தி இரண்டு பக்கமும் வெளியே நீட்டி விடுங்கள். பின் இணைப்பின் கீழ்க்கைகள் இரண்டும் அதில் பூட்டும். மேல்கைக்குத் துளையிட்ட இரண்டு தகடுகளை மேலே நட்டு விடுங்கள். தண்டின் கனம் உங்கள் இயந்திரத்தின் கைத்துளைக்குச் சரியாக இருக்க வேண்டும், முதலில் அளந்து பாருங்கள். தூக்கும்போது நிலத்திலிருந்து ஒரு சாணுக்கு மேல் உயர்த்த வேண்டாம்.

துணுக்காய் வயல்காரன்

கண்டாவளைத் தம்பி சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். தணிக்கும் வால்வு இரண்டு வாங்கிவிட்டேன், வரும் கிழமை கடைசல் பட்டறையில் பூட்டுகிறார்கள். புதுக்குடியிருப்பு அண்ணை எழுதியதைப் படித்த பிறகு என் லோடரையும் பாரத்தோடு இரவு நிறுத்திப் பார்த்தேன். காலையில் ஒன்றரைச் சாண் இறங்கியிருந்தது. தூக்கும் சிலிண்டருக்குப் பூட்டு வால்வு போட்டவர்கள் யாராவது இருந்தால், இறக்கும்போது குதித்துக் குதித்து இறங்குகிறதா என்று சொல்லுங்கள். அப்படி இறங்கும் என்று பட்டறையில் பயப்படுத்துகிறார்கள்.

மச்சானின் காயம் ஆறிவிட்டது. ஆனால் லோடர் நிற்கும் பக்கம் அவர் வருவதில்லை. தேநீர் கொண்டுவந்தால் வரம்பில் வைத்துவிட்டு அங்கே நின்றே கூப்பிடுகிறார். எஞ்சினை நிறுத்தி, கவ்வியை நிலத்தில் இறக்கிவிட்டு, நான்தான் நடந்து போகிறேன்.