புதுப்பிப்பு: முடி நடவுக்குப் பிறகு மருந்தை நிறுத்தலாமா?

ஆண்களின் வழுக்கை பற்றி முன்பு எழுதிய இழையில், தலையில் தடவும் மினாக்ஸிடில் 5% கரைசல், ஃபினாஸ்டிரைடு 1 மி.கி. மாத்திரை, பிறகு முடி நடவு என்று சிகிச்சை வரிசையைச் சொல்லியிருந்தேன். நடவு முடிந்ததும் மருந்தை நிறுத்தலாமா என்பது அதில் விட்டுப்போனது.

நிறுத்தக்கூடாது. பின்தலையிலிருந்து எடுத்து நட்ட முடியை, வழுக்கைக்குக் காரணமான டிஎச்டி ஹார்மோன் அவ்வளவாகப் பாதிக்காது. சுற்றியுள்ள பழைய முடிக்கு அந்தக் காப்பு இல்லை. மருந்து நின்றால் அது மெலிந்து உதிர, நட்டது மட்டும் தீவுபோல் தனித்து நிற்கும். மறுபடி நடலாம் என்றால், பின்தலையில் எடுக்கக்கூடிய முடிக்கும் அளவு உண்டு.

நட்ட முடி 2 முதல் 6 வாரத்துக்குள் கொட்டும். பதற வேண்டாம், வேர் உள்ளேதான் இருக்கிறது. 3, 4 மாதத்தில் முளைக்கத் தொடங்கும். முழுப் பலன் தெரிய ஏறக்குறைய 12 மாதம்.

மினாக்ஸிடில் 1 மி.லி., ஆண்களுக்கு நாளுக்கு இருமுறை, உலர்ந்த தலைத்தோலில். முடியின்மேல் தடவினால் வீண். நடவுக்குப் பின் மீண்டும் தொடங்கும் நாளை அறுவை செய்த மருத்துவரே சொல்லட்டும். பொருக்கு உதிராத இடத்தில் நீங்களாகப் போடாதீர்கள்.

ஃபினாஸ்டிரைடு எடுப்பவர்கள் பிஎஸ்ஏ பரிசோதனைக்கு (புராஸ்டேட் புற்றுநோயைக் கண்டறிய உதவும் இரத்தப் பரிசோதனை) முன் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இரத்தத்தில் பிஎஸ்ஏ அளவை இந்த மருந்து சுமார் பாதியாகக் குறைத்துவிடும். புராஸ்டேட் புற்றுநோய் கண்ணில் படாமல் போகலாம். உடைந்த மாத்திரையைக் கர்ப்பிணிகள் தொடவே கூடாது.