ரப்பர் பிறந்த காட்டுக்குத் தனியாகப் போக முடியுமா?

கேள்வி: களியக்காவிளைக்காரன்

வணக்கம். எங்கள் வீட்டில் கொஞ்சம் ரப்பரும், அதன் கரையில் மரச்சீனியும் (மரவள்ளி) உண்டு. விடியுமுன்னே அப்பா பால் வெட்டப் போய்விடுவார். இரண்டு பயிரும் தென் அமெரிக்காவிலிருந்து வந்தவை என்று தெரிந்த நாள் முதல் பிரேசில் போக ஆசை. டிராவல்ஸில் விசாரித்தால் ரியோ கடற்கரை, இகுவாசு அருவி என்கிறார்கள். எனக்கு அமேசான் ஆற்றோரம் மக்களோடு சேர்ந்து பயணம் செய்ய வேண்டும். போர்ச்சுகீசு மொழி தெரியாது. எங்கே தொடங்கலாம்?

பதில்: குலசேகரத்து அக்கா

தம்பி, தாராளமாக முடியும். தனியாகப் போய் வந்தவள் என்பதால் சொல்கிறேன். ரியோவை விட்டுவிட்டு, அமேசான் கடலில் சேரும் பக்கத்தில் இருக்கும் பெலேம் நகரில் தொடங்குங்கள்.

அங்கே ஆற்றங்கரையில் வெர்-ஓ-பெசோ என்ற சந்தை இருக்கிறது. காலையிலேயே போய்விடுங்கள். பாட்டில் பாட்டிலாக மஞ்சள் நிறச் சாறு அடுக்கி வைத்திருப்பார்கள். அது துக்குப்பி, கசப்பு மரச்சீனியின் சாறு. நாம் கிழங்கை அவித்துத் தண்ணீரை வடித்துக் கொட்டுகிறோம். அவர்களோ துருவிய கிழங்கை திப்பிதி என்ற நீளமான ஓலைக் குழாயில் திணித்து, உத்தரத்தில் தொங்கவிட்டு, அடிமுனையில் கழியை மாட்டி இழுக்கிறார்கள். குழாய் நீள நீள ஒடுங்கும், சாறு சொட்டும். அதில் சயனைடு நஞ்சு உண்டு. நெடுநேரம் கொதிக்க வைத்து நஞ்சை முறித்த பிறகே குழம்புக்கு எடுக்கிறார்கள். இலையையும் விடுவதில்லை: அரைத்து ஏறக்குறைய ஒரு வாரம் கொதிக்கவிட்டு, பன்றி இறைச்சி சேர்த்து மனிசோபா செய்கிறார்கள். நம் ஊரில் ஆடு அந்த இலையில் வாய் வைத்தாலே பதறி ஓடுவோம்! 1880களில் விசாகம் திருநாள் மகாராஜா திருவிதாங்கூரில் பரப்பிய கிழங்கு இது. அதைப் பல்லாயிரம் ஆண்டுகளாக அறிந்தவர்களின் கைப்பக்குவத்தை அங்கேதான் பார்க்க வேண்டும்.

பெலேமிலிருந்து சாந்தாரெம் நகருக்குப் படகு. இரண்டு மூன்று நாள் ஆகும். தொங்கு ஊஞ்சல் டிக்கெட் எடுங்கள்; படகில் தூளி போலக் கட்டிக்கொண்டு அதிலேயே படுக்க வேண்டும். ஊஞ்சலையும் கயிற்றையும் அந்தச் சந்தையிலேயே வாங்கிக்கொள்ளலாம். முன்னதாகவே ஏறி, இஞ்சினுக்கும் கழிப்பறைக்கும் தள்ளி இடம் பிடியுங்கள். பக்கத்து ஊஞ்சலில் இருப்பவர்தான் அன்று உங்களுக்கு உறவு. அவர் நீட்டும் மரச்சீனி மாவை வாங்கித் தின்னுங்கள், பேச்சு தானாக வரும்.

சாந்தாரெமிலிருந்து தபாஜோஸ் ஆற்றோரமாக ஜமராகுவா என்ற காட்டுக் கிராமத்துக்குப் போனேன். அங்கே ஒரு பெரியவர் பால் வெட்டுவதைப் பார்த்தேன். நம் தோட்டம் போல வரிசை கிடையாது; ஒரு மரம் வெட்டி முடித்தால் அடுத்த மரத்துக்குக் காட்டுப் பாதையில் நடக்க வேண்டும். என் அப்பா பால் வெட்டும் படத்தைக் கைபேசியில் காட்டினேன். மழைக்காக மரத்தில் கட்டியிருந்த பிளாஸ்டிக்கைத் தொட்டுத் தொட்டு எதற்கு என்று சைகையால் கேட்டார். வெட்டுக் கோட்டின் சாய்வை விரலால் அளந்து பார்த்துவிட்டு, தன் கத்தியை என் கையில் கொடுத்தார். தொழில் தெரிந்தவனுக்கு மொழி தடையே இல்லை, தம்பி.

1876இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனது இந்த ஆற்றுப்பக்கத்திலிருந்துதான். முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. ஆசியத் தோட்டங்களில் பெரும்பகுதி அவற்றின் வழிவந்தவை. 1928இல் கார் கம்பெனி முதலாளி ஹென்றி ஃபோர்டு அதே ஆற்றோரம் ஃபோர்ட்லாண்டியா என்ற ரப்பர் தோட்ட நகரம் கட்டினார். மரங்களை நெருக்கி நட்டதும் இலைக்கருகல் நோய் பரவியது. 1945இல் விற்றுவிட்டுப் போனார்கள். அந்த நகரத்தின் உயரமான தண்ணீர்த் தொட்டி இன்றும் நிற்கிறது. படகில் போய்ப் பாருங்கள்.

பதில்: மார்த்தாண்டம் செவிலியர்

பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னதாக மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டாக வேண்டும். அரசு அங்கீகரித்த மையத்தில் போட்டுச் சான்றிதழ் வாங்குங்கள். அது இல்லாமல் பிரேசிலிலிருந்து திரும்பினால் ஆறு நாள்வரை தனிமையில் வைப்பார்கள். மலேரியா மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். விசாவும் வேண்டும்.

களியக்காவிளைக்காரன்

மிக்க நன்றி அக்கா, நன்றி சகோதரி. எந்த மாதம் நல்லது?

குலசேகரத்து அக்கா

அக்டோபர். இரண்டாம் ஞாயிறு பெலேமில் நாசரேத் மாதா ஊர்வலம். லட்சக்கணக்கானோர் வெறுங்காலுடன் தடித்த கயிற்றைப் பிடித்து இழுப்பார்கள், நம் தேர்வடம் போலவே. 1793 முதல் நடக்கும் விழா. அறை கிடைப்பது கடினம், இப்போதே பாருங்கள். அப்போது தபாஜோஸில் நீர் இறங்கி வெள்ளை மணல் திட்டுகளும் தெரியும்.

ஒன்றை மட்டும் கட்டாயம் செய்யுங்கள். அந்த இலைக்கருகல் நோய் இன்னும் நம் பக்கம் வரவில்லை. இலை, விதை எதையும் கொண்டு வராதீர்கள். காட்டில் போட்ட செருப்பையும் துணியையும் அங்கேயே சோப்புப் போட்டுத் துவைத்து, வெயிலில் காய வைத்த பிறகே பையில் வையுங்கள். ஊர் வந்ததும் நேராகத் தோட்டத்துக்குள் இறங்க வேண்டாம்.