பதில்: லக்கிங்குக்குத் தமிழ்ல என்ன சொல்லலாம்? 'முக்கல்' என் பரிந்துரை

எல்லாருக்கும் வணக்கம்,

இந்த இழையில வந்த மடல் எல்லாத்தையும் படிச்சுட்டுதான் எழுதுறேன். பைக் ஓட்டுற கையேட்டுல லக்கிங்னு (வண்டி மெதுவாப் போறப்போ உயர்ந்த கியர்லயே வெச்சு ஆக்ஸிலரேட்டரை முறுக்கி எஞ்ஜினைக் கஷ்டப்படுத்துறது) வர்ற இடத்துல என்ன போடலாம்ங்கிறதுதான் கேள்வி, இதுவரைக்கும் 'திணறல்', 'குறைசுழற்சி மிகைப்பளு'ன்னு ரெண்டு வந்திருக்கு. ரெண்டாவது விளக்கமா நல்லாவே இருக்கு, ஆனா சொல்லா நிக்காது, பட்டறையில நின்னுக்கிட்டு யாரும் அதை வாயால சொல்ல மாட்டாங்க.

> திணறல்னே வெச்சுக்கலாமே, எல்லாருக்கும் புரியுமே

புரியும் அண்ணே, ஆனா எது புரியும்ங்கிறதுலதான் சிக்கல். கார்புரேட்டர்ல தூசி அடைச்சாலும் வண்டி திணறுதுன்னுதான் சொல்றோம், பெட்ரோல்ல தண்ணி கலந்தாலும் திணறுது, பிளக்ல கரி பிடிச்சாலும் திணறுது. அதெல்லாம் வண்டியோட கோளாறு, மெக்கானிக் பாக்க வேண்டியது. லக்கிங்ல வண்டி மேல ஒரு குத்தமும் கிடையாது, போட்டிருக்க கியர்தான் தப்பு, ஒரு கியர் குறைச்சா அந்த நொடியே சரியாயிடும். ரெண்டுக்கும் ஒரே பேரை வெச்சா ஓட்டுறவர் தான் செய்ய வேண்டியதைச் செய்யாம வண்டியை சர்வீஸுக்கு விட்டுட்டு வந்துருவார்.

கொல்லிமலை ஏறுறவங்களைப் பாத்தா இது நல்லாத் தெரியும். காரவள்ளியில இருந்து மேல போக 70 கொண்டை ஊசி வளைவு. ஸ்பிளெண்டர்ல ரெண்டு பேர், வளைவுல பிரேக் பிடிச்சு வேகம் 20க்கு இறங்கிடுச்சு, கியர் மட்டும் மூணுலயே கெடக்கு, திரும்பி முடிச்சதும் ஆக்ஸிலரேட்டரைக் கடைசி வரைக்கும் முறுக்குறாங்க. வேகம் ஏறாது. சத்தம் மட்டும் கனத்துப்போய் ஒவ்வொரு அடியும் தனித்தனியா கேக்கும், ஃபுட்ரெஸ்ட் அதிரும், செயின் கவருக்குள்ள செயின் போய்ப் போய் அடிக்கும். 97.2 சிசி எஞ்ஜின் அது, முழு டார்க் (எஞ்ஜினோட முறுக்கு விசை) 8.05 நியூட்டன் மீட்டர், அதுவும் 6000 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு இத்தனை சுத்து) கிட்ட போனாத்தான் கிடைக்கும். அங்க மூணாவது கியர்ல அது எங்க இருந்து இழுக்கும் பாவம்.

அந்த நேரத்துல உள்ள நடக்குறதைச் சொன்னாத்தான் ஏன் தனிச்சொல் வேணும்னு புரியும். த்ராட்டில் (ஆக்ஸிலரேட்டரை முறுக்கினா திறக்குற வழி) முழுசா திறந்திருக்கிறதால சிலிண்டர் நிறைய பெட்ரோல்-காத்து கலவை வருது, ஆனா பிஸ்டன் மெதுவாத்தான் நகருது, அதனால எரியுறப்போ வர்ற அழுத்தமும் சூடும் பிஸ்டன் மேலயே அதிக நேரம் நிக்குது. நாக்கிங் (கலவை தானாவே தாறுமாறா எரிஞ்சு உள்ள தட்டுற சத்தம்) வர்றது இதனாலதான். அந்த அடியை முழுசா வாங்குறது கனெக்டிங் ராடோட (பிஸ்டனை கிராங்க்கோட இணைக்கிற தண்டு) பெரிய முனை பேரிங். ஆயில் பம்பைச் சுத்துறதும் அதே எஞ்ஜின்தான்ங்கிறதால, சுழற்சி குறைஞ்சா ஆயில் வர்றதும் குறையும், அதாவது அடி அதிகமா விழற நேரத்துல பாதுகாப்பு குறைவு. காத்துல குளிர்ற வண்டியா இருந்தா வேகமே இல்லாததால ஃபின்ல (எஞ்ஜினைச் சுத்தி இருக்குற சூடு தணிக்கிற தகடு) காத்தும் படாது. இதுக்கு பயந்து சிலர் கியரைக் குறைக்காம ஹாஃப் கிளட்ச் போட்டு ஏத்துவாங்க, அது கிளட்ச் பிளேட்டைத் தின்னுடும், அது வேற கொடுமை.

> 2000 ஆர்பிஎம்முக்குக் கீழ போனா லக்கிங்னு வரையறை கொடுத்துடலாமா?

வேண்டாம்க்கா, எண்ணை உள்ள கொண்டு வராதீங்க. பழைய 346 சிசி புல்லட்டுக்கு போர் (சிலிண்டரோட உள் அகலம்) 70 மிமீ, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஒரு பக்கமா நகர்ற தூரம்) 90 மிமீ, கூடவே கனமான ஃப்ளைவீல் (சுழற்சியைச் சீரா வெச்சுக்குற சக்கரம்), அது கீழேயே நிதானமா இழுக்கும். 373 சிசி டியூக் 390க்கு போர் 89, ஸ்ட்ரோக் 60, கிட்டத்தட்ட அதே அளவு எஞ்ஜின்தான், ஆனா புல்லட் சொகுசா இழுக்குற சுழற்சியில இது உதறும். அதுவும் போக, ஐடில்ல நிக்கிற வண்டியும் குறைஞ்ச சுழற்சியிலதானே ஓடுது, அதுக்கு பளுவே இல்லையே. சமதளத்துல டாப் கியர்ல 35ல லேசா ஆக்ஸிலரேட்டர் குடுத்துட்டுப் போறது தப்பே இல்ல, மைலேஜும் நல்லா வரும், அதே கியர்லயே கத்திப்பாரா பாலம் ஏறும்போதுதான் பிரச்சனை. உயர்ந்த கியர், குறைஞ்ச சுழற்சி, நிறைய திறந்த த்ராட்டில், மூணும் ஒண்ணா சேரணும், வரையறையில இந்த மூணும் கண்டிப்பா இருக்கணும்.

இதுக்கு நான் சொல்ற சொல் 'முக்கல்'. மூச்சைப் பிடிச்சு முழு பலத்தையும் போட்டும் அசையாத நிலையை நம்ம ஆளுங்க முக்குறதுன்னுதான் சொல்றாங்க, ஏத்தத்துல பாரம் இழுக்குற மாட்டையும் அப்படித்தான் சொல்றோம். பலம் போடுறது, அசைவு இல்லாதது ரெண்டுமே அந்த ஒரு சொல்லுல இருக்கு, திணறல்ல பலம் போடுறது இல்ல. கொச்சையா இருக்குன்னு ஒரு மடல்ல வந்துச்சு, எனக்கு அப்படித் தோணல, பிரசவ அறையில நர்ஸ் சொல்ற சொல்லும் இதுதான், அதுல கொச்சை என்ன இருக்கு.

தண்ணியில முக்குறதுன்னு இன்னொரு பொருள் இருக்கேன்னு கேட்டது நியாயமான கேள்வி. அது செயப்படுபொருள் எடுக்கும், இது எடுக்காது. அதனால கையேட்டுல 'எஞ்ஜினை முக்காதீர்கள்'னு ஒருக்காலும் எழுதக் கூடாது, எஞ்ஜினைத் தண்ணியில போடாதீங்கன்னு ஆயிடும். 'எஞ்ஜினை முக்க விடாதீர்கள்', 'எஞ்ஜின் முக்கினால் ஒரு கியர் குறையுங்கள்', இப்படித்தான் வரணும்.

இதுக்கு எதிர்ப்பக்கம் கியர் மாத்தாம ஆர்பிஎம்மை ஏத்திக்கிட்டே போறதுக்கு 'அலறல்' போடலாம், வண்டி அலறுது கியர் போடுன்னு ஏற்கனவே சொல்லிக்கிட்டுத்தான் இருக்கோம். நாக்கிங்குக்கு 'தட்டல்', செயின் வெட்டி வெட்டி இழுக்குறதுக்கு 'உதறல்'. கியரை மட்டும் கியர்னே விட்டுடுவோம், பல்லிணைன்னு போட்டா அது சக்கரத்தைக் குறிக்குது, ஓட்டுறவர் போடுற நிலையைக் குறிக்கல.

டீசல் லாரி, டிராக்டர் ஓட்டுறவங்க யாராவது இந்தக் குழுவுல இருந்தா, ஏத்தத்துல வண்டி மேல் கியர்ல மாட்டிக்கிட்டா உங்க பக்கம் என்ன சொல்லுவீங்கன்னு எழுதுங்க, அங்கயும் முக்கல் பொருந்துச்சுன்னா அடுத்த மடல்ல வரையறையை எழுதிப் போட்டுடுறேன்.