சோப்ரானோவா, ஆல்டோவா? கீபோர்டு காட்டும் குரல் எல்லையும் செயலி காட்டும் எல்லையும் ஒத்துப்போகவில்லை

கேள்வி: குழித்துறை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். குழித்துறைக்கு அருகே ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன், வயது 43. எங்கள் ஆலயத்துப் பாடகர் குழுவில் பதினைந்து ஆண்டுகளாகச் சோப்ரானோ (உயர்ந்த பெண்குரல்) வரிசையில் நின்று பாடிவருகிறேன். நான் சேர்ந்த நாளில் யாரும் என் குரலைச் சோதித்துப் பார்க்கவில்லை. அந்த வரிசையில் இடம் இருந்தது, நின்றேன், அவ்வளவுதான். கடந்த இரண்டு ஆண்டுகளாக மேலே ஏறும் இடங்களில் குரல் கிழிவதுபோல் ஆகிறது. ஞாயிறு ஆராதனை முடிந்தால் மாலைவரை தொண்டை கனத்துக் கிடக்கிறது.

கடந்த ஜூனிலிருந்து கர்நாடக இசையும் கற்கிறேன். அங்கே பெண்கள் எல்லாருக்கும் ஐந்தரைக் கட்டைதான் சுருதி. மேல்ஸ்தாயி வரிசையில் தார காந்தாரம்வரை, அதாவது மேல்ஸ்தாயியின் ‘க’வரை, போகிறேன். அதற்கு மேல் கழுத்து நரம்பு புடைக்கிறது.

எனவே என் குரல் எல்லையை நானே அளந்துவிட முடிவு செய்தேன். ஆலயத்துக் கீபோர்டில் ஒவ்வொரு கட்டையாக அழுத்திப் பாடியபோது, அசையாமல் நிற்கும் கீழ்ச்சுரம் எஃப்3 (எழுத்து சுரத்தின் பெயர், எண் ஸ்தாயி), சிரமமில்லாத மேல்சுரம் டி5, இறுக்கித் தொடும் உச்சம் எஃப் ஷார்ப் 5 என்று குறித்துக்கொண்டேன். வீட்டில் கைபேசியின் டியூனர் செயலியோ அதே மூன்றையும் டி ஷார்ப் 3, சி5, இ5 என்று காட்டுகிறது. வேறொரு செயலியும் அப்படியே சொல்கிறது. எதை நம்புவது? தாழ்ந்த பெண்குரலான ஆல்டோவுக்கு மாறலாமா என்று கேட்டால், “எஃப் ஷார்ப் தொடுகிற குரலை ஏன் கீழே அனுப்ப வேண்டும்?” என்கிறார் குழுவை நடத்துபவர். இந்த வயதில் குரல் இறங்கத் தொடங்கினால் பாட்டே முடிந்துவிட்டதோ என்ற கவலையும் எனக்கு இருக்கிறது.

பதில்: மார்த்தாண்டத்து அன்பர்

சகோதரி, மேல்சுரம் தொடும் பெண்குரல் சோப்ரானோதான்; இதில் ஐயமே வேண்டாம். பயிற்சி குறைந்தால் எந்தக் குரலும் கீழே இறங்கும். வாரம் அரைக் கட்டையாகச் சுருதியை ஏற்றிப் பாடுங்கள், குரல் தானாகத் திறக்கும். ஆராதனைக்கு முன் சுக்கும் கருப்பட்டியும் போட்டுக் காய்ச்சிய நீர் ஒரு தம்ளர் குடியுங்கள். எங்கள் வீட்டில் எல்லாரும் அதைத்தான் செய்கிறோம்.

பதில்: நாகர்கோவில், பாடகர் குழுப் பயிற்சியாளர்

வணக்கம் அம்மா. மேலே பதில் எழுதிய அண்ணாச்சியின் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் சொன்ன பயிற்சியை இப்போது செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இறுகி நிற்கும் தொண்டையை வாரந்தோறும் மேலே தள்ளினால் இறுக்கம்தான் பழகும். சுக்குநீர் இதமானது, தாராளமாகக் குடிக்கலாம். ஆனால் நாம் விழுங்கும் எதுவும் குரல்நாண்களின்மேல் படுவதில்லை, பட்டால் புரையேறிவிடும். குரல்நாணுக்கு வேண்டிய ஈரம் நாள் முழுவதும் நீங்கள் குடிக்கும் தண்ணீரால் உடல்வழியாகத்தான் போய்ச் சேரும்.

இனி அளவுக்கு வருகிறேன். நீங்கள் எழுதிய இரண்டு கணக்குகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். எஃப்3-க்கும் டி ஷார்ப் 3-க்கும் இடையே இரண்டு அரைச்சுரம் (கறுப்பும் வெள்ளையும் சேர்த்து அடுத்தடுத்த இரு கட்டைகளின் இடைவெளியே ஓர் அரைச்சுரம்). டி5-க்கும் சி5-க்கும் இரண்டு. எஃப் ஷார்ப் 5-க்கும் இ5-க்கும் இரண்டு. உங்கள் குரல் மாறியிருந்தால் வித்தியாசம் இடத்துக்கு இடம் கூடியும் குறைந்தும் இருக்கும். மூன்று இடத்திலும் ஒரே அளவாக இருப்பதால், கருவிகளில் ஒன்றுதான் இடம் மாறி நிற்கிறது. என் ஊகம், ஆலயத்துக் கீபோர்டில் டிரான்ஸ்போஸ் (மொத்தச் சுருதியையும் ஏற்றி இறக்கும் வசதி) இரண்டு படி இறக்கி வைக்கப்பட்டிருக்கிறது. அப்போது நீங்கள் எஃப் கட்டையை அழுத்தினாலும் வெளியே ஒலிப்பது டி ஷார்ப்தான். சோதிப்பது எளிது. நடு சி-க்கு மேலே உள்ள ஏ கட்டையை அழுத்தியபடி கைபேசிச் செயலியை ஒலிபெருக்கியின் அருகே பிடியுங்கள். செயலி 440 ஹெர்ட்ஸ் என்று காட்டினால் என் ஊகம் தவறு. 392-ஐ ஒட்டிக் காட்டினால் கீபோர்டு ஜி-யை ஒலிக்கிறது என்று பொருள்.

ஸ்தாயி எண்ணைப் பற்றியும் ஒரு சொல். நடு சி-யை நாம் சி4 என்கிறோம். சில நிறுவனங்களின் கருவிகளில் அதே சுரம் சி3 என்று குறிக்கப்பட்டிருக்கும். இது தெரியாமல் தங்கள் குரலை ஒரு ஸ்தாயி கீழே எழுதிவைத்துக்கொண்டு குழம்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். எண்ணில் ஐயம் வந்தால் ஹெர்ட்ஸைப் பாருங்கள். நடு சி சுமார் 262.

எல்லை வேறு, குரல்வகை வேறு என்பதை உங்கள் குழு நடத்துபவரிடமும் பணிவாகச் சொல்லிப் பாருங்கள். ஒரு குரல் எந்தச் சுரத்தைத் தொட்டது என்பதைவிட, எந்தச் சுரங்களில் அரைமணி நேரம் நின்று களைக்காமல் பாடுகிறது, எந்த இடத்தில் கனமான நெஞ்சுக்குரலிலிருந்து மெல்லிய தலைக்குரலுக்கு மாறுகிறது, எந்தப் பகுதியில் அதன் நிறம் செழிப்பாக இருக்கிறது என்பவையே வகையைத் தீர்மானிக்கின்றன. நாம் பாடும் நான்கு குரல் கீதங்களில் சோப்ரானோ வரி பெரும்பாலும் இ5-ஐ ஒட்டி உச்சம் தொடும். அந்த உச்சத்தை அடிக்கடி, அதுவும் சொல்லோடு சேர்த்துப் பாட வேண்டும். ஆல்டோ வரி பொதுவாக ஜி3, ஏ3-யிலிருந்து சி5-க்குள் அடங்கிவிடும். செயலி சொன்னது சரியென்றால், இறுக்கித் தொடும் இ5-ஐ நம்பிச் சோப்ரானோவில் நிற்கிறீர்கள். உங்களுக்கு இயல்பாக வரும் கீழ்ப்பகுதி முழுவதும் பயன்படாமல் கிடக்கிறது.

அளக்கும் நேரமும் முக்கியம். எழுந்தவுடன் குரல் தாழ்ந்திருக்கும். பள்ளியில் நாள் முழுவதும் பாடம் நடத்திய மாலையில் களைத்திருக்கும். விடுமுறை நாளில் காலை பத்து மணிபோல, பத்து நிமிடம் வாய்மூடி ஹம்மிங் செய்து குரலை இளக்கியபின், ‘ஆ’, ‘ஊ’ இரண்டிலும் பாடிப் பாருங்கள். ஒரே நாள் கணக்கை வைத்து முடிவெடுக்காமல் மூன்று நான்கு நாள் எழுதி வையுங்கள். ஒரு சுரத்தை நான்கு விநாடி நடுங்காமல் நிறுத்த முடிந்தால் மட்டுமே அதை உங்கள் சுரம் என்று எழுதுங்கள்.

கேள்வி கேட்டவர்: குழித்துறை ஆசிரியை

ஐயா, நீங்கள் சொன்னதுபோலவே செய்தேன். ஏ கட்டையை அழுத்தினேன். செயலியில் 392 வந்தது. கீபோர்டின் சிறு திரையில், ஒலிவகையின் பெயருக்கு அருகே மிகச் சிறிய எழுத்தில் ‘-2’ என்று இருந்தது. இத்தனை நாள் அதை நான் கவனித்ததே இல்லை. வாசிக்கும் தம்பியிடம் கேட்டேன். சபையார் எல்லாரும் சேர்ந்து பாட வசதியாக இருக்கட்டும் என்று அறுப்பின் பண்டிகையின்போது இறக்கி வைத்தாராம். கருவியை இயக்கியதும் அவர் முதலில் அழுத்தும் பொத்தானில் அந்த இறக்கமும் சேர்ந்தே பதிவாகிவிட்டதால், ஒவ்வொரு ஒத்திகையிலும் அது தானாக வந்துகொண்டிருக்கிறது.

அப்படியானால் நாங்கள் எஃப் ஷார்ப் என்று நினைத்துப் பாடியது இ-தான். ஏற்கெனவே இறக்கப்பட்ட சுருதியிலேயே எனக்கு இவ்வளவு சிரமம் என்றால், கிறிஸ்துமஸ் கீதங்களை எழுதியபடியே பாடும்போது குரல் உடைந்ததில் வியப்பில்லை. நான்கு நாள் அளந்துவிட்டேன். டி ஷார்ப் 3 முதல் சி5 வரை ஒவ்வொரு நாளும் நிற்கிறது. ஏ4-ஐத் தாண்டும் இடத்தில் குரல் சட்டென்று மெலிந்து வேறு குரல்போல் ஆகிறது. இனி என் ஐந்தரைக் கட்டைக் கேள்விக்கும் யாராவது வழி சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: பாலக்காடு, இசை ஆசிரியை

அன்புள்ள சகோதரிக்கு, கட்டைக் கணக்கை நான் சொல்கிறேன். ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை சி-யிலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணிய வழக்கம்தான் இது. கறுப்புக் கட்டைகளே அரைகள். இ-க்கும் எஃப்-க்கும் இடையே கறுப்புக் கட்டை இல்லாததால்தான் மூன்றரைக் கட்டை என்று ஒன்று இல்லை. ஐந்து என்றால் ஜி, ஐந்தரை என்றால் ஜி ஷார்ப். உங்கள் ஆதார சட்ஜம் (அடிப்படையான ‘ஸ’) ஜி ஷார்ப் 3 ஆக இருக்கும்போது தார அந்தர காந்தாரம் சரியாக சி5-இல் விழுகிறது. நீங்கள் தார காந்தாரத்தோடு நின்றுபோவதாக எழுதியதும், செயலி சி5 என்று காட்டியதும் ஒரே செய்தி.

நம் உருப்படிகள் பலவற்றில் மந்தர பஞ்சமத்துக்கும் (கீழ்ஸ்தாயியின் ‘ப’) தார பஞ்சமத்துக்கும் (மேல்ஸ்தாயியின் ‘ப’) இடைப்பட்ட இரண்டு ஸ்தாயியில் சஞ்சாரம் அமையும். ஆகவே சுருதியை மேல்முனையை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. ஐந்து கட்டையில் அந்த எல்லை டி3 முதல் டி5 வரை. இப்போது உங்களுக்குக் கீழே டி ஷார்ப் இருக்கிறது. அரைச்சுரம்தான் குறை, அது காற்றுக் கலந்தாவது வந்துவிடும். மேலே தார மத்தியமமான சி5 சிரமமின்றி வருகிறது, பஞ்சமத்துக்கு இரண்டு அரைச்சுரம் போதாது. நாலரைக்கு இறக்கினால் மேலே எளிதாகும், ஆனால் மந்தர பஞ்சமம் சி ஷார்ப் 3-க்குப் போய்விடும், அங்கே ஒலி நிற்காது. எனவே ஐந்து கட்டையே உங்களுக்குப் பொருந்தும் என்று கருதுகிறேன். வகுப்பில் எல்லாருக்கும் ஒரே சுருதி வைப்பது கற்பிப்பவருக்கு வசதி, தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் வீட்டுப் பயிற்சியைத் தம்புராச் செயலியில் ஐந்து வைத்துச் செய்யலாமா என்று உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள். பெரும்பாலோர் மகிழ்ந்து சம்மதிப்பார்கள்.

ஏ4-க்கு அருகே குரல் வேறாவது நோயன்று. கனமான நெஞ்சுக்குரலையே அதுவரை இழுத்துக்கொண்டு போகிறீர்கள். அதற்குமேல் அது வராது. இ4, எஃப்4-இலேயே ஒலியை மெல்லக் குறைத்துக்கொண்டு மேலே ஏறுங்கள். ‘ஊ’காரத்தில் தார சட்ஜத்திலிருந்து மத்திய சட்ஜத்துக்கு வழுக்கிக்கொண்டு இறங்கும் பயிற்சியை நாளும் ஐந்து நிமிடம் செய்தால் இணைப்புத் தெரியாமல் ஆகிவிடும். மெலிந்த அந்தக் குரலைக் கள்ளத் தொண்டை (பொய்க்குரல்) என்று அஞ்சி விலக்க வேண்டாம். பயிற்சியால் அதற்கும் உடம்பு வரும்.

வயதைப் பற்றிய உங்கள் கவலைக்கு வருகிறேன். மாதவிடாய் நிற்கும் காலத்தை ஒட்டிப் பெண்களின் குரல் சற்றுத் தாழ்வது இயற்கை. தாழ்வது என்றால் முடிவது என்று பொருளில்லை. உங்கள் ஊரிலிருந்து களியக்காவிளையைக் கடந்தால் வரும் பாறசாலையைச் சேர்ந்த பொன்னம்மாள், திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தில் பாடிய முதல் பெண். அவர் அங்கே பாடியது 2006-இல், எண்பது வயதைக் கடந்த பிறகு. நீங்கள் நாற்பத்து மூன்றில் இருக்கிறீர்கள், சகோதரி.

பதில்: செங்கோட்டை, பஜனைக் குழுப் பாடகர்

நான் ஆண்குரல், ஆயினும் என் அனுபவம் உதவலாம். கார்த்திகை முதல் தை வரை ஐயப்ப பஜனைகளில் பாடுகிறேன். எங்கள் ஊரில் பிறந்த எஸ். ஜி. கிட்டப்பா (1906–1933) மிக உயர்ந்த சுருதியில் பாடிப் புகழ்பெற்றவர். அதைக் கேட்டே வளர்ந்ததால் நாலு கட்டைக்குக் கீழே பாடுவதைக் குறையாக நினைத்துப் பல ஆண்டுகள் கத்தினேன். ஒலிபெருக்கி பரவாத நாடக மேடையில் கடைசி வரிசைவரை கேட்க வேண்டிய தேவை அவருக்கு இருந்தது. கையில் மைக் வைத்திருக்கும் எனக்கு இல்லை என்பது தாமதமாகத்தான் உறைத்தது. மேலே எழுதிய அம்மையாரின் பாலக்காட்டுப் பக்கத்தில் பிறந்த எம். டி. இராமநாதன் மிகத் தாழ்ந்த சுருதியிலேயே பாடிப் பேரிடம் பெற்றார். இருவரும் தத்தம் தொண்டைக்கு உரியதைப் பாடினார்கள். நான் இப்போது ஒன்றரைக் கட்டையில் பாடுகிறேன்; இரண்டு மணி நேர பஜனைக்குப் பிறகும் மறுநாள் பேச முடிகிறது.

சகோதரியிடம் ஒன்று கேட்கிறேன். மாலைவரை தொண்டை கனக்கிறது என்றீர்களே, கரகரப்பு நாட்கணக்கில் நீடிப்பதுண்டா? மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் சுருதியை மாற்றிப் பார்த்துக்கொண்டிராமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி கேட்டவர்: குழித்துறை ஆசிரியை

கரகரப்பு மறுநாள் காலையில் போய்விடுகிறது அண்ணா. நீடித்தால் கட்டாயம் மருத்துவரிடம் போவேன். இசை ஆசிரியர் ஐந்து கட்டைக்கு உடனே சம்மதித்துவிட்டார். பாடகர் குழு நடத்துபவரிடம் கீபோர்டில் 392 வருவதை நேரில் காட்டினேன். சற்று நேரம் திரையையே பார்த்துவிட்டு, இந்த மாதம் ஆல்டோவில் நின்று பாருங்கள் என்றார்.

நேற்றைய ஒத்திகையில் தொண்டை சிறிதும் வலிக்கவில்லை. ஆனால் புதிதாக ஒரு சிக்கல். பதினைந்து ஆண்டுகள் மெட்டையே பாடிய காது, பக்கத்து வரிசைச் சோப்ரானோ ஒலித்ததும் அவர்களோடு போய்விடுகிறது. இரண்டாம் அடியிலேயே என் வரியைத் தொலைத்துவிடுகிறேன்.

பதில்: நாகர்கோவில், பாடகர் குழுப் பயிற்சியாளர்

இது எல்லாருக்கும் நேர்வது அம்மா, குரலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. முதல் வாரம் ஆல்டோ வரியைச் சொல் இல்லாமல் ‘நூ’ என்று தனியே பாடி, அதுவே ஒரு மெட்டு என்று காதுக்குப் பழக்குங்கள். அடுத்து, கீபோர்டில் பேஸ் (தாழ்ந்த ஆண்குரல்) வரியை மட்டும் வாசிக்கச் சொல்லி அதன்மேல் பாடுங்கள். சோப்ரானோவைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம். ஒத்திகையில் ஆல்டோவின் நடுவில், வரியை நன்கு அறிந்த ஒருவரின் இடப்பக்கம் நில்லுங்கள். சோப்ரானோவை ஒட்டிய ஓரத்தில் இந்த மாதம் நிற்க வேண்டாம். வாசிக்கும் தம்பியிடம் அந்த ‘-2’ இருக்கும் பொத்தானின்மேல் ஒரு சிறு தாளில் எழுதி ஒட்டிவிடவும் சொல்லுங்கள்.