பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்: மூணு மணி நேர வெர்ஷன் பாத்த பிறகும் பிடிக்கலையா?

மூங்கில்காடு:
2016 மார்ச்ல இந்தப் படம் வந்தப்போ ஆரம்பிச்ச சண்டை இன்னும் ஓயல. ராட்டன் டொமேட்டோஸ் விமர்சன சைட்ல 29 சதவீதம்னு ஒரு பக்கம் கழுவி ஊத்தினாங்க, இன்னொரு பக்கம் சூப்பர்ஹீரோ படத்துல இவ்வளவு தைரியமா எவனும் எடுத்ததில்லன்னு கொண்டாடறவங்களும் இருக்காங்க. நான் கொண்டாடற பக்கம். ஆனா தியேட்டர்ல வந்த 151 நிமிஷ வெர்ஷனுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். அப்புறம் வீட்டுல பாக்க விட்டாங்களே 182 நிமிஷ அல்டிமேட் எடிஷன், அதுக்குத்தான் பேசறேன்.

அந்த ஆப்பிரிக்க கிராமத்து சீனையே எடுத்துக்குங்க. தியேட்டர் வெர்ஷன்ல கூலிப்படை துப்பாக்கியால சுட்டுட்டுப் போயிடறாங்க, உடனே உலகமே சூப்பர்மேன் மேல பழி போடுது. அவனுக்கு எதுக்குங்க துப்பாக்கி? அப்பவே எல்லாரும் கேட்டோம். பெரிய வெர்ஷன்ல பாத்தா செத்தவங்களை ஒண்ணாப் போட்டு எரிக்கறாங்க, சூப்பர்மேன் கண்ணுல இருந்து வர்ற நெருப்புல செத்த மாதிரி தெரியணும்னு. செனட் கமிட்டி முன்னாடி வந்து அழற பொண்ணும் வில்லன் லெக்ஸ் லூதர் சொல்லிக்குடுத்துப் பேச வச்ச சாட்சி. செனட்ல வெடிக்கற வீல்சேருக்குள்ள ஈயத்தகடு வச்சிருந்தாங்க, அதனாலதான் பக்கத்துலயே நின்னும் சூப்பர்மேன் கண்ணுக்கு பாம் தெரியல. அதுல உக்காந்திருந்த ஆளுக்கே விஷயம் தெரியாது, அன்னைக்குத்தான் மளிகை சாமான் வாங்கி வீட்டுல வச்சிட்டு வந்திருக்கான், சாகப் போறவன் அதைச் செய்வானா? சூப்பர்மேனோட காதலி, ரிப்போர்ட்டர் லோயிஸ் அந்த வீட்டுக்குப் போய் இதைப் பாத்துத்தான் கண்டுபிடிக்கறா. இவ்வளவையும் வெட்டிட்டு படம் புரியலன்னா என்ன அர்த்தம்?

ராத்திரிப்பறவை:
கதை புரியலங்கறது என் பிரச்சனை இல்ல நண்பா, நான் ரெண்டு வெர்ஷனும் பாத்தாச்சு. என் பிரச்சனை பேட்மேன் கொலை பண்றான்கறதுதான். அந்த கார் சேஸ்ல ஒரு வண்டியைக் கொக்கி போட்டுத் தரதரன்னு இழுத்துட்டுப் போய் இன்னொரு வண்டி மேல வீசறான், உள்ள ஆள் இருக்கான்னு அவனுக்குத் தெரியும். உடனே "இது ஃப்ராங்க் மில்லரோட 1986 காமிக்ஸ் தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்ல இருந்து வந்தது, அங்கயே அவன் முரடன்தான்"னு ஒரு பதில் ரெடியா வரும். இரும்புக் கவசம், நரைச்ச முடி, சூப்பர்மேனோட சண்டை எல்லாம் அங்கிருந்து எடுத்ததுதான், சரி. ஆனா அதே புக்ல தன் பின்னாடி வந்த கும்பல் முன்னாடி ஒரு துப்பாக்கியை உடைச்சுப் போட்டு, இது எதிரியோட ஆயுதம், நமக்கு இது வேண்டாம்னு சொல்ற பக்கம் ஒண்ணு இருக்கு. மொத்தப் புக்கும் அந்தப் பக்கத்துலதான் நிக்குது. கவசத்தை எடுத்தவங்க இதை ஏன் விட்டாங்க?

மூங்கில்காடு:
அதே புக்ல ஒரு குழந்தையைப் பிடிச்சு வச்சுக்கிட்டு கொன்னுடுவேன், நம்புன்னு மிரட்டற ரவுடி வருவானே சகோ, அங்க பேட்மேன் நம்பறேன்னு சொல்லிட்டு மெஷின் கன்னால சுடறான். படத்துல சூப்பர்மேனோட அம்மா மார்த்தா கென்ட்டைக் காப்பாத்தற சீன் அப்படியே அந்தப் பேனல்தான். அவங்க விட்டதைச் சொல்றீங்க, எடுத்ததையும் சேர்த்துச் சொல்லுங்க. அவ்வளவு ஏன், 1939ல டிடெக்டிவ் காமிக்ஸ் 27ல பேட்மேன் முதல் தடவையா வந்தப்பவே வில்லன் ஆசிட் தொட்டியில விழுந்து சாகறான், இவன் அவனுக்கு ஏத்த முடிவுன்னு சொல்லிட்டுப் போறான். கொலை பண்ணாத பேட்மேன் அப்புறம் எடிட்டர் போட்ட ரூல்.

ராத்திரிப்பறவை:
அப்புறம் போட்ட ரூலா இருந்தா என்ன, அந்த ரூல்தானே அவனை மத்தவங்ககிட்ட இருந்து பிரிச்சுக் காட்டுது. எண்பது வருஷமா ஜோக்கர் உயிரோட இருக்கான், ஏன் இவன் அவனைக் கொல்ல மாட்டேங்கறான்ங்கற கேள்வியில இருந்து எத்தனை கதை வந்திருக்கு? இந்தப் படத்துல அந்தக் கேள்வியே கிடையாது.

நீங்க சொன்ன மார்த்தா ரெஸ்க்யூ சீனுக்கே வாங்க. அந்த சீன் எப்ப வருது? சூப்பர்மேனைக் கொல்லப் போன கை நின்னு, ஈட்டியைத் தூக்கி எறிஞ்சு, நான் என்னவா ஆயிட்டேன்னு அவன் உணர்ந்த பிறகு வருது. அதுதான் அவனோட மறுபிறப்புன்னு நீங்கதான் சொல்வீங்க. சரி, மறுபிறப்பு எடுத்தவன் அடுத்த அஞ்சு நிமிஷத்துல என்ன பண்றான்? தன் பேட்விங் விமானத்துல இருந்து துப்பாக்கியால சுடறான், கோடவுனுக்குள்ள போய் ஒவ்வொருத்தனா உடைக்கறான், கடைசியா ஒருத்தனோட டேங்க்கைச் சுட்டு எரிய விடறான். முன்னாடி இருந்த பேட்மேனுக்கும் இவனுக்கும் என்ன வித்தியாசம்? சண்டை வடிவமைப்பு பிரமாதம், அதுல ஒரு குறையும் சொல்ல முடியாது, படத்துலயே பெஸ்ட் ஆக்‌ஷன் அதுதான். ஆனா கதையா பாத்தா முந்தின சீன்ல எழுதினதை இந்த சீன் அழிச்சிடுது.

சிவப்புத்துணி:
இதுக்குப் பதில் சொல்லுங்க மூங்கில்காடு, நானும் ரொம்ப நாளா இதைத்தான் கேக்கறேன்.

வெண்பனி:
எல்லாரும் பேட்மேனையே பிடிச்சுத் தொங்கறீங்க, பாவம் சூப்பர்மேன். எனக்கு இந்தப் படத்துல தாங்க முடியாத இடம் அந்த செனட் ஹால். படம் ஆரம்பிச்சதுல இருந்து எல்லாரும் அவனைப் பத்தியே பேசறாங்க, டிவில பேசறாங்க, தெருவுல சிலை மேல பெயின்ட் அடிக்கறாங்க, ஒருத்தர் கடவுள்ங்கறார் ஒருத்தர் ஏலியன்ங்கறார். கடைசியா அவன் வந்து நிக்கறான், இப்பவாவது இவன் வாயில இருந்து ஏதாவது வரும்னு நாம சீட் நுனிக்கு வர்றோம், வெடிச்சிடுது. நெருப்புக்கு நடுவுல சும்மா நிக்கறான், முகத்துல சோகம், கட். அவன் என்ன நினைக்கறான்னு மூணு மணி நேரத்துல ஒரு தடவை கூட நமக்கு முழுசா தெரியல. மெக்சிகோவுல குழந்தையைக் காப்பாத்திட்டு மண்டையோடு மாதிரி முகத்துல வண்ணம் பூசின கூட்டத்துக்கு நடுவுல நிப்பான் பாருங்க, எல்லாரும் அவனைத் தொட கை நீட்டறாங்க, எவ்வளவு அழகான ஷாட், ஆனா அந்த முகத்துல சந்தோஷம் இல்ல. ஒரு உயிரைக் காப்பாத்தினா சந்தோஷப்படாத சூப்பர்மேன் எதுக்கு?

மூங்கில்காடு:
வெண்பனி அக்கா, பெரிய வெர்ஷன்ல அந்த வெடிக்குப் பிறகு அவன் காயம்பட்டவங்களைத் தூக்கிட்டு வெளிய வர்றான், ஆம்புலன்ஸ் கிட்ட கொண்டு போய் விடறான், சுத்தி இருக்கறவங்க பாக்கற பார்வையைத் தாங்க முடியாமத்தான் கிளம்பறான். தியேட்டர்ல அதையும் வெட்டிட்டாங்க, அதான் சும்மா நின்னுட்டுப் பறந்துட்டான்னு எல்லாரும் திட்டினாங்க. சூப்பர்மேன் தன் சாதாரண மனுஷ வேஷமான கிளார்க் கென்ட்டா பேட்மேனோட ஊரான காதம் நகரத்துக்குப் போய் ஏழை ஜனங்ககிட்ட பேட்மேனைப் பத்தி விசாரிக்கற சீன்களும் அதுலதான் இருக்கு, அவன் ரிப்போர்ட்டரா வேலை பாக்கறதை அங்கதான் பாக்க முடியும்.

சிவப்புத்துணி கேட்டதுக்கு வரேன். ப்ரூஸ் வேன், அதாவது பேட்மேன், ஒரே சீன்ல திருந்தற கதை இல்ல இது. முதல் பத்து நிமிஷத்தைத் திரும்பப் பாருங்க. 2013ல வந்த முந்தின சூப்பர்மேன் படம் மேன் ஆஃப் ஸ்டீல்ல நாம மேல இருந்து பாத்த அதே சண்டையை இதுல கீழ இருந்து பாக்கறோம். கட்டடம் சரியுது, எல்லாரும் வெளிய ஓடறாங்க, இவன் ஒருத்தன் மட்டும் அந்தப் புழுதிக்குள்ள ஓடறான். கால் நசுங்கின ஊழியரைத் தூக்கறான், ஒரு சின்னப் பொண்ணைக் கட்டிப் பிடிச்சு அம்மா எங்கன்னு கேக்கறான், அது இடிஞ்ச கட்டடத்தைக் கை காட்டுது. அப்ப அவன் மேல பாக்கற பார்வை இருக்கே, அங்க ஆரம்பிச்ச வெறி. அதுக்கப்புறம் ஒரு சதவீதம் ஆபத்து இருந்தாலும் நூறு சதவீதம்னுதான் எடுத்துக்கணும்னு தன் உதவியாளர் ஆல்ஃப்ரெட்கிட்ட பேசறான். பயந்துபோன அரசாங்கங்கள் பேசற பேச்சு அது. நல்லவன் பயத்துல எப்படி கெட்டுப் போறான்னு ஒரு சூப்பர்ஹீரோ படம் இவ்வளவு நேர்மையா சொன்னதை நான் வேற எங்கயும் பாக்கல. அப்படிக் கெட்டவன் ஒரே ராத்திரியில சுத்தமாயிட்டா அதுதான் பொய்.

பழையரீல்:
அந்த முதல் பத்து நிமிஷம் பத்தி எனக்கும் மாற்றுக் கருத்து இல்ல. என் குறை படம் அடுக்கின விதத்துல. ப்ரூஸுக்கு மட்டும் எத்தனை கனவு? அம்மா கல்லறையில இருந்து பிசாசு வருது, அப்புறம் பாலைவனக் கனவு, அதுல இருந்து முழிச்சா எதிர்காலத்துல இருந்து ஒருத்தன் வந்து லோயிஸ்தான் முக்கியம்னு கத்திட்டுப் போறான், அது கனவா நிஜமான்னும் தெரியல. காமிக்ஸ் படிக்காதவங்க அந்த இடத்துல கதையை விட்டுட்டு வெளிய நிக்கறாங்க. இதை விடக் கொடுமை, ரெண்டு பெரிய ஹீரோ மோதப் போறாங்க, டென்ஷன் ஏறிட்டு வருது, அந்த நேரத்துல வொண்டர் உமன் லேப்டாப்பைத் திறந்து அடுத்த படத்து ஹீரோக்களோட வீடியோவை ஒவ்வொண்ணா பாக்கறாங்க. அடுத்த படத்து விளம்பரத்தை இந்தப் படத்து கிளைமாக்ஸ் வாசல்ல வச்சிருக்காங்க. அரை மணி நேரம் சேர்த்ததுல இது எதுவும் சரியாகல. லெக்ஸ் உருவாக்கற ராட்சசன் டூம்ஸ்டேவை ட்ரெய்லர்லயே காட்டிட்டதால ரெண்டு பேரும் கடைசியில ஒண்ணு சேருவாங்கன்னு உள்ள நுழையறப்பவே எல்லாருக்கும் தெரியும்.

ரெண்டுபிள்ளைஅப்பா:
என் பையன் பாதியில என்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், சூப்பர்மேன் ஏன்ப்பா கோவமாவே இருக்கார்னு. நான் பதில் சொல்லல. டார்க்கா எடுக்கறதுல எனக்கு ஆட்சேபணை இல்ல, பேட்மேனுக்கு அது பொருந்தும். 1938ல இருந்து சின்னப் பசங்க கையில இருக்கற கேரக்டரை எடுத்து அவங்களே பாக்க முடியாத மாதிரி பண்ணினதுதான் எனக்கு ஆகல.

சிவப்புத்துணி:
மக்கள் தீர்ப்பும் அதானே. அமெரிக்காவுல முதல் வாரக்கடைசியில 16.6 கோடி டாலர், ரெண்டாவது வாரக்கடைசியில கிட்டத்தட்ட 69 சதவீதம் விழுந்துச்சு. உலகம் முழுக்க 87 கோடி வந்தும் கம்பெனிக்கு சந்தோஷம் இல்ல. அதே வருஷம் வந்த மார்வெல் படம் கேப்டன் அமெரிக்கா: சிவில் வார் 115 கோடி தாண்டுச்சு, அதுலயும் ஹீரோவும் ஹீரோவும்தான் மோதினாங்க.

ராத்திரிப்பறவை:
கலெக்‌ஷனை விடுங்க ப்ரோ, அதை வச்சு எந்தப் படமும் நல்லதா கெட்டதான்னு சொல்ல முடியாது. ஆனா சிவில் வாரை இழுத்தது நல்லது. அங்கயும் அம்மா சாவுதான் திருப்பம், அயர்ன் மேன் டோனியோட அப்பா அம்மாவைக் கொன்னது கேப்டன் அமெரிக்காவோட ஃப்ரெண்ட் பக்கின்னு தெரியறப்போ, அதுவரைக்கும் கொள்கைச் சண்டையா இருந்தது சொந்தச் சண்டையாயிடுது. அந்த இடத்துல தியேட்டர்ல யாரும் சிரிக்கல. இங்க சாகப் போற சூப்பர்மேன் தன் அம்மாவை மார்த்தான்னு பேர் சொன்னதும் சிரிச்சாங்க. ஏன்னா எந்தப் பிள்ளையும் உயிர் போற நேரத்துல அம்மாவைப் பேர் சொல்ல மாட்டான். அம்மான்னு சொல்லியிருந்தாலே போதும், ப்ரூஸுக்கு அது உறைச்சிருக்கும்.

மூங்கில்காடு:
சிரிச்சவங்க முதல் சீனை மறந்துட்டாங்கன்னுதான் நான் சொல்வேன். ப்ரூஸோட அம்மா பேரும் மார்த்தாதான், படம் ஆரம்பிக்கறதே அவன் அப்பா குண்டு பட்டு விழுந்து மார்த்தான்னு கடைசி மூச்சுல சொல்றதுல. முத்து மாலை துப்பாக்கியில சிக்கி அறுந்து சிதறுது. ப்ரூஸ் முப்பது வருஷத்துக்கு மேல அந்தச் சந்துலயே நிக்கறான். இப்ப தன் காலுக்குக் கீழ கிடக்கறவன் அதே பேரைச் சொல்றான், ஒரு பொண்ணு ஓடி வந்து அது அவன் அம்மா பேருன்னு கத்தறா. அந்த நிமிஷம் துப்பாக்கி பிடிச்சவன் இடத்துல ப்ரூஸ் நிக்கறான், தன் அப்பா இடத்துல சூப்பர்மேன் கிடக்கறான். பேர் ஒண்ணா இருந்ததால ஃப்ரெண்டாயிட்டாங்கன்னு கிண்டல் பண்றது சுலபம். சாகப் போறவன் தன்னைக் காப்பாத்தச் சொல்லல, அவளைக் காப்பாத்துன்னு கேக்கறான், ஏலியன்னு நினைச்சவனுக்கும் ஒரு அம்மா இருக்கா, அதுதான் ப்ரூஸை உடைக்குது.

இன்னொண்ணு கவனிங்க, அந்த முதல் சீன்ல தியேட்டர் வாசல்ல எக்ஸ்காலிபர் படத்து பேர் இருக்கும். ஆர்தர் ராஜா கதை. அதுல ராஜா ஈட்டி குத்தின பிறகும் முன்னாடி நகர்ந்து எதிரியைக் கொன்னுட்டு சாவான். சூப்பர்மேன் டூம்ஸ்டேவைக் கொல்றதும் அதே மாதிரிதான். இவ்வளவு யோசிச்சு வச்சவங்களை கவனமில்லாம எடுத்தாங்கன்னு சொன்னா எனக்கு வலிக்குது.

வெண்பனி:
கவனம் நிறையவே இருக்கு தம்பி, ஃப்ரேம் ஃப்ரேமா இருக்கு, அதை நான் மறுக்கல. போஸ்டர்ல இருக்கற பேரைக் கவனிச்சா ரசிக்கலாம். ஆனா சூப்பர்மேன் சாகறப்போ அழறதுக்கு நான் அவன்கூட கொஞ்ச நேரம் வாழ்ந்திருக்கணும். 1992ல காமிக்ஸ்ல அவனைக் கொன்னப்போ அம்பது வருஷத்துக்கு மேல ஜனங்க அவனைப் படிச்சிருந்தாங்க, செய்தித்தாள்ல எல்லாம் போட்டாங்க. இங்க ரெண்டாவது படத்துலயே கொன்னுட்டு, அதுவரைக்கும் பாதிப் பேர் அவனைச் சந்தேகப்பட்டுட்டே இருந்துட்டு, திடீர்னு எல்லாரும் மெழுகுவத்தி ஏத்தறாங்க. கடைசி ஷாட்ல பெட்டி மேல இருக்கற மண்ணு எழும்புது வேற, அப்ப அந்த சாவும் சாவு இல்ல.

ராத்திரிப்பறவை:
ப்ரூஸ் ஒரே ராத்திரியில மாற மாட்டான்னு சொன்னீங்க இல்ல மூங்கில்காடு, அப்ப அவன் மாறினதுக்கு படத்துல என்ன ஆதாரம்? ஜெயில்ல லெக்ஸ் முகத்துக்கு நேரா, குற்றவாளிகளுக்குத் தன் முத்திரையைச் சூடு போடற இரும்பைக் கொண்டு வந்துட்டு சுவத்துல குத்திட்டுப் போறான், அதைத்தான் எல்லாரும் காட்டுவீங்க. நீங்க தலையில தூக்கி வச்சு ஆடற பெரிய வெர்ஷன்லயே அங்க கூடுதலா வசனம் வருது. உன்னை ஆர்க்கம் மனநலக் காப்பகத்துக்கு மாத்த ஏற்பாடு பண்ணிட்டேன், அங்க எனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க, உனக்காகக் காத்திருக்காங்கன்னு மிரட்டறான். அந்தச் சூடு பட்டவங்களை ஜெயில்லயே கொன்னுடறாங்கன்னு படம் முன்னாடியே சொல்லிடுச்சு. இப்ப சூடு போடல, ஆனா ஆள் விட்டு அதையே பண்ணப் போறான். என்ன மாறிச்சு?

மூங்கில்காடு:
அந்த வசனத்துக்கு முன்னாடி லெக்ஸ் என்ன சொல்றான்னு கேளுங்க, எனக்குப் பைத்தியம், என்னை விசாரிக்கவே முடியாதுன்னு தப்பிக்கப் பாக்கறான். பைத்தியம்னா ஆர்க்கமுக்குப் போன்னு இவன் சொல்றான், பரிவா ட்ரீட்மென்ட் குடுக்கற ஆஸ்பத்திரி இருக்கு, ஆனா நீ அங்க போகலன்னும் சொல்றான். மிரட்டல் இருக்கு, இல்லன்னு சொல்லல, அவன் பேட்மேன். ஆனா படம் ஆரம்பிச்சப்போ யாரையும் கேக்காம சூடு போட்ட கை, இப்ப தன் கண்ணு முன்னாடி எல்லாத்துக்கும் காரணமானவன் நிக்கறப்போ சுவத்துல குத்துது. எனக்கு அது போதும்.

ராத்திரிப்பறவை:
எனக்குப் போதல. பேட்மேனுக்குத் தெரிஞ்சவங்கன்னா ஆர்க்கம்ல யாரு, டாக்டரா? அந்த வசனம் இல்லாத தியேட்டர் வெர்ஷன் முடிவுதான் உங்க வாதத்துக்கே நல்லது, அந்த ஒரு சீனுக்காவது சின்ன வெர்ஷனைப் பாருங்க.